அரசியின் பழைய கோட்டுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் நீங்கள் எழுதிய குறிப்பு ஒன்றில் இரண்டாம் எலிசபெத் அரசியைப் பற்றி, ‘போட்டதையே மறுபடியும் போட வெட்கப்படாதவர்’ என்று ஒரு வரி வந்தது. அதைப் படித்ததிலிருந்து கொஞ்சம் எரிச்சல். அரண்மனைகளும் வைரங்களும் வைத்திருப்பவர் பழைய கோட்டை இரண்டாம் தடவை போட்டால் அதற்குப் பெயர் எளிமை. நான் பழைய சட்டையைப் போட்டு வேலைக்குப் போனால் அதற்குப் பெயர் வேறு. இது எல்லாமே படத்துக்காகச் செய்தது இல்லையா?

இன்னொரு கேள்வி. டிரம்ப் லண்டன் வந்தபோது அரசி வேண்டுமென்றே ஒபாமா கொடுத்த ப்ரோச்சை (உடையில் குத்தும் நகை) அணிந்து குத்திக் காட்டினார் என்று ஒரு கதை இன்னமும் சுற்றுகிறது. அது உண்மையா? அவருடைய தொப்பியையும் ப்ரோச்சையும் வைத்து இவ்வளவு படிக்க முடியுமா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

உங்கள் எரிச்சல் நியாயம்தான். எளிமை, சிக்கனம் என்ற சொற்களை இங்கே கொண்டுவர வேண்டாம். அந்தக் கோட்டுகள் ஒவ்வொன்றும் அவருடைய உடம்புக்கு அளவெடுத்துக் கையால் தைத்தவை. அவற்றைப் பார்த்துக்கொள்ள அரண்மனைக்குள்ளேயே ஆட்களும் தையல்கூடமும் இருந்தன. அப்படிப்பட்ட கோட்டை நாலு தடவை போட்டதால் பிரிட்டிஷ் கஜானாவுக்கு ஒன்றும் மிச்சமாகியிருக்காது. ஆனால் படத்துக்காகச் செய்தார் என்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். படத்துக்காகச் செய்பவர், செய்ததை நாலு பேர் கவனிக்க வேண்டும் என்று நினைப்பார். இவருடைய ஏற்பாடு முழுக்க, யாரும் கவனிக்காமல் இருப்பதற்கானது.

ஏஞ்சலா கெல்லி என்று ஒரு பெண்மணி. லிவர்பூல்காரர். அரசியின் உடைப் பொறுப்பாளராக இருபது வருஷத்துக்கும் மேல் இருந்து, பின்னாளில் அவருடைய உடைகளை வடிவமைத்ததும் அவரே. அரசியின் அனுமதியோடு புத்தகமும் எழுதியிருக்கிறார். அதில் ஆடம்பரத்தைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான்; முக்கால்வாசி வேலை நுணுக்கங்கள். கூட்டத்தின் கடைசி வரிசையில் நிற்பவருக்கும் கண்ணில் படும் அளவுக்கு நிறம் இருக்க வேண்டும். தொப்பியின் விளிம்பு முகத்தை மறைக்கக் கூடாது, அதன் உயரம் காரில் ஏறி இறங்கும்போது இடிக்கக் கூடாது. காற்றில் பாவாடை பறக்காமல் இருக்க ஓரத்தில் சின்ன எடைகள். மழை வந்தால் ஒளி ஊடுருவும் குடை, அதன் விளிம்பு மட்டும் அன்றைய உடையின் நிறத்தில். புதுச் செருப்பு அரசியின் காலைக் கடிக்கக் கூடாதென்று கெல்லி முதலில் தன் காலில் போட்டு நடந்து பழக்கிக் கொடுப்பாராம். இருவருக்கும் பாத அளவு ஒன்று. (அரண்மனை வேலையில் இது நல்ல வேலையா கெட்ட வேலையா என்று எனக்கு முடிவு செய்ய முடியவில்லை.)

இதையெல்லாம் ஃபேஷன் என்று சொல்வதைவிட, கண்டக்டரின் காக்கிச் சட்டையோடு வைத்துப் பார்ப்பது சரி. மழையில் இரண்டு மணி நேரம் நின்றவருக்கு அரசி தெரியப்போவது சில வினாடிகள். அந்த வினாடிகளில் அவர்தான் என்று அடையாளம் தெரிய வேண்டும். உடையின் வேலை அவ்வளவுதான்.

எந்த உடை எப்போது, எங்கே, யாரைச் சந்திக்கும்போது அணிந்தது என்பதற்கு முறையாகக் குறிப்பு வைத்திருந்தார்கள். ஒரே ஆட்களை அதே கோட்டில் மறுபடி சந்திக்க நேராமல் பார்த்துக்கொள்ளத்தான். இரண்டு மூன்று தடவை வெளியே போட்டதும் பத்திரிகைக்காரர்களுக்கு அந்த உடை பழகிவிடும். அதற்கப்புறம் ஏதாவது மாற்றம் செய்வார்கள், இல்லாவிட்டால் பால்மோரல், சாண்ட்ரிங்ஹாம் விடுமுறைகளுக்கு ஒதுக்கிவிடுவார்கள். இப்படியாக ஒரு உடையின் ஆயுள் 25 வருஷம் வரைக்கும் போகும் என்பது கெல்லியின் கணக்கு.

தினம் ஒரு புது உடை என்றால் தினம் ஒரு செய்தி. மருத்துவமனையைத் திறந்து வைத்தார் என்பது போய், என்ன போட்டுக்கொண்டு திறந்தார் என்பது தலைப்பாகிவிடும். அவருடைய மருமகள் டயானாவுக்கு நடந்தது அதுதான். பழகிய கோட்டு அந்தக் கேள்வியை வாயடைக்கிறது. 1977 ஜூன் 7, ஆட்சியின் வெள்ளிவிழாவுக்காக செயின்ட் பால் தேவாலயத்தில் நன்றி வழிபாடு. அன்றைக்கு அவர் அணிந்தது ஹார்டி ஏமிஸ் தைத்த இளஞ்சிவப்பு உடை. தலையில் துணிப்பூ மணிகள் தொங்கும் தொப்பி. இன்றும் வெள்ளிவிழா என்றதும் எல்லோரும் எடுத்துப் போடும் படம் அது. ஆனால் அந்த உடை அன்றைக்குப் புதிதல்ல. முந்தைய வருஷம் மாண்ட்ரியல் ஒலிம்பிக்ஸைத் தொடங்கி வைக்கப் போனபோதே போட்டதுதான். ஆட்சியின் 25 ஆண்டுகளைக் கொண்டாடும் நாளுக்கு, உலகமே தொலைக்காட்சியில் ஏற்கெனவே பார்த்த உடை! யாரும் குறையாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

மறுமுறை அணிந்த உடைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. அது கோட்டு இல்லை, முடிசூட்டு விழா உடை. அப்படி ஒன்றை ஒரு முறைக்கு மேல் யார் போடுவார்கள்? இவர் போட்டார்.

அதைத் தைத்தவர் நார்மன் ஹார்ட்னல். அரசியின் கல்யாண உடையும் அவர் கைவண்ணம்தான். அது 1947, துணிக்கு ரேஷன் இருந்த காலம். மணப்பெண்ணுக்கு அரசாங்கம் கூடுதலாக 200 கூப்பன் கொடுத்தது. முடிசூட்டுக்கு ஹார்ட்னல் ஒன்பது வரைவுகள் காட்டினார். எட்டாவது அரசிக்குப் பிடித்தது, ஆனால் பிரிட்டனின் சின்னங்கள் மட்டும் போதாது, தான் அரசியாக இருக்கும் மற்ற நாடுகளின் பூக்களும் வேண்டும் என்றார். அப்படித்தான் கனடாவின் மேப்பிள் இலை, ஆஸ்திரேலியாவின் வாட்டில் பூ, நியூசிலாந்தின் பெரணி, பாகிஸ்தானின் கோதுமையும் பருத்தியும் சணலும், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் தாமரை எல்லாம் அந்த வெண்பட்டில் ஏறின. வேல்ஸுக்கு மட்டும் ஒரு சிக்கல். ஹார்ட்னல் அழகான டஃபோடில் பூ போடலாம் என்று நினைத்திருந்தார். சின்னங்களுக்குப் பொறுப்பான அதிகாரியோ, வேல்ஸின் சின்னம் லீக்தான் என்று சொல்லிவிட்டார். லீக் என்பது நம் வெங்காயத்தாளின் பெரியப்பா மகன். பாவம், அதையும் முத்தும் வைரமணியும் வைத்து அழகாக்கிக் காட்டினார் மனிதர்.

1953 ஜூன் 2 அன்று முடிசூட்டு முடிந்தது. உடை மட்டும் அருங்காட்சியகத்துக்குப் போகவில்லை, கப்பலேறியது. 1954 ஜனவரியில் நியூசிலாந்து நாடாளுமன்றத்தைத் திறக்க அதே உடை. பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவில் அதே உடை. ஏப்ரலில் கொழும்பு. அப்போது அவர் இலங்கைக்கும் அரசி. 1972இல் அது குடியரசாகும்வரை அப்படித்தான். பிரதமர் ஜான் கொத்தலாவல. ஏப்ரல் மாதக் கொழும்பின் புழுக்கத்தில், மேலிருந்து கீழ்வரை மணியும் பொன்னிழையும் தைத்த கனமான பட்டுடையை அணிந்துகொண்டு நாடாளுமன்றக் கூட்டத்தொடரைத் தொடங்கி வைத்தார். எளிமைக்காகவோ சிக்கனத்துக்காகவோ ஒருவர் இப்படித் தன்னை வாட்டிக்கொள்ள மாட்டார். முடிசூட்டு நாளன்று எங்கள் தாமரையும் அதில் இருந்தது என்று செய்தித்தாளில் படித்தவர்களுக்கு, இதோ அந்தத் தாமரை என்று நேரில் காட்டியதாகத்தான் நான் புரிந்துகொள்கிறேன். 1957இல் ஒட்டாவாவிலும் அதையே அணிந்து கனடா நாடாளுமன்றத்தைத் திறந்தார். பேரரசு கலைந்துகொண்டிருந்த நேரத்தில் அதன் பழைய உறவுகளை ஒரு பாவாடையில் தைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள் என்று நீங்கள் கேலி செய்யலாம். கேலியில் உண்மையும் இருக்கிறது.

சரி, ப்ரோச்சுக்கு வருகிறேன். இங்கே கணக்கு தலைகீழ். கோட்டைத் திரும்பப் போட்டது கண்ணில் படாமல் இருக்க. ப்ரோச்சைத் திரும்பக் குத்தியது கண்ணில் படுவதற்கு. எல்லோர் கண்ணிலும் இல்லை, பட வேண்டியவர் கண்ணில்.

1946இல், இளவரசியாக இருந்தபோது, ஓர் எண்ணெய்க் கப்பலை நீரில் இறக்கி வைத்ததற்காக நீலக்கல்லும் வைரமும் பதித்த சாமந்திப்பூ ப்ரோச் ஒன்று கொடுத்தார்கள். அடுத்த வருஷம் கல்யாணம் முடிந்து, பிராட்லண்ட்ஸ் மாளிகையில் தேனிலவின்போது கணவர் பிலிப்போடு எடுத்த படத்தில் அது இருக்கிறது. 2007இல் கல்யாணத்தின் 60ஆம் ஆண்டு. அதே பிராட்லண்ட்ஸ், அதே மாதிரி நின்று ஒரு படம், அதே சாமந்தி. 2020இல் 73ஆம் ஆண்டுக்கு, கொரோனா காலத்தில் வின்ட்சரில் கொள்ளுப்பேரப்பிள்ளைகள் செய்த வாழ்த்து அட்டையை இருவரும் பார்க்கும் படத்திலும் அதே சாமந்தி. அதுதான் அவர்களுடைய கடைசிக் கல்யாண நாள். 2021 ஏப்ரலில் பிலிப் இறந்தார். அடுத்த மார்ச்சில் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அவருக்காக நடந்த நினைவு வழிபாட்டுக்கு அரசி வந்தபோது மார்பில் இருந்தது, 1966இல் பிலிப் பரிசாகக் கொடுத்த தங்க ப்ரோச், ஆண்ட்ரூ கிரிமா செய்தது. இதைப் படிக்க நிபுணர் யாரும் வேண்டாம்.

மேப்பிள் இலை ப்ரோச்சும் அப்படியே வெளிப்படை. 1939இல் அரசியின் தந்தை ஆறாம் ஜார்ஜ் தன் மனைவிக்குக் கனடாப் பயணத்துக்காக வாங்கியது. 1951இல் மகள் கனடா போனபோது அவர் கோட்டில் ஏறியது. அப்புறம் 2009இல் மகன் சார்லஸின் மனைவி கமிலாவுக்கும் 2011இல் பேரன் வில்லியமின் மனைவி கேத்தரினுக்கும் இரவல். கனடாவுக்குப் போகும் பெண் யாராக இருந்தாலும் அது கூடவே போகும்.

இப்போது உங்கள் டிரம்ப் கதை. 2018 ஜூலை 12 அன்று டிரம்ப் பிரிட்டனில் இறங்கினார். அன்று அரசி அணிந்திருந்தது 2011இல் ஒபாமா தம்பதி கொடுத்த பச்சைக்கல் பூ ப்ரோச். இதுவரை உண்மை. ஆனால் அன்று அவர் டிரம்பைச் சந்திக்கவே இல்லை. மறுநாள் வின்ட்சரில்தான் சந்திப்பு, அதற்கு அணிந்தது தாயாரின் ஓலை வடிவ ப்ரோச். உடனே கதைகட்டியவர்கள், அது ஆறாம் ஜார்ஜின் இறுதிச்சடங்கில் தாயார் அணிந்தது, எனவே துக்கச் செய்தி என்றார்கள். அதே ப்ரோச்சை அரசி வேறு பல நிகழ்ச்சிகளுக்கும் அணிந்திருக்கிறார், அங்கெல்லாம் துக்கம் ஒன்றும் இல்லை. எழுபது வருஷ ஆட்சி, பெட்டி பெட்டியாக நகை, ஒவ்வொன்றுக்கும் கொடுத்தவர் பெயரும் தேதியும் உண்டு. எந்த நாளில் எதை எடுத்தாலும் அதற்கு ஒரு பொருத்தம் கண்டுபிடிக்கலாம்.

அதற்கு முந்தைய ஆண்டு, 2017 ஜூனில், நீலத் தொப்பியில் மஞ்சள் மையம் கொண்ட பூக்களோடு நாடாளுமன்றம் வந்தபோதும் இதே கூத்து. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிக்கொண்டிருந்த நேரம் அது; அந்த ஒன்றியத்தின் கொடி என்று சமூக ஊடகம் கொண்டாடியது. தற்செயல்தான் என்று கெல்லி பிறகு எழுதினார். நான் அவரை நம்புகிறேன். கருத்து சொல்ல உரிமை இல்லாத ஒருவர் எழுபது வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால், அவர் பேச மாட்டாரா என்ற ஆசை பார்ப்பவர்களுக்குத்தான் வரும். ஒபாமா ப்ரோச் அன்றைக்கு ஒரு சின்னக் குறும்பாக இருந்திருக்கலாம் என்ற சந்தேகம் மட்டும் எனக்கும் கொஞ்சம் உண்டு.

நகைகளில் மறுபயன்பாடு என்றால் சில சமயம் பிரித்துச் செய்வது. 1947 கல்யாணத்துக்கு ஹைதராபாத் நிஜாம் கொடுத்த கார்ட்டியே கிரீடத்தை 1973இல் கலைத்தார்கள். அந்த வைரங்களோடு, பர்மா மக்கள் அதே கல்யாணத்துக்குக் கொடுத்திருந்த 96 மாணிக்கக் கற்களைச் சேர்த்து வேறு கிரீடம் செய்யப்பட்டது. 96 நோய்களுக்கு 96 காப்பு என்பது பர்மியர் நம்பிக்கை. நிஜாம் கிரீடத்தின் ரோஜாக்கள் மட்டும் ப்ரோச்சுகளாகத் தனியே தப்பின. கொடுத்த நிஜாமின் சமஸ்தானம் மறுவருஷமே இல்லாமல் போனது; ரோஜாக்களை அரசி அதற்குப் பிறகும் பல காலம் குத்திக்கொண்டிருந்தார்.

மகன் சார்லஸ் எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அவரும் பழையதைப் போடுபவர். தன் இளைய மகன் ஹாரியின் கல்யாணத்துக்கு 1984இல் தைத்த கோட்டில்தான் வந்தார். ஆனால் ஒட்டுப்போட்ட இடம் தெரியும்படி போடுவார், சுற்றுச்சூழல் என்று பேட்டியும் கொடுப்பார். உங்கள் ‘படத்துக்காக’ என்ற சந்தேகத்தை அவர் பக்கம் திருப்பினால் நான் அவ்வளவாக எதிர்க்க மாட்டேன். 2023 மே மாத முடிசூட்டில் அவருக்கு அணிவித்த பொன்னங்கி 1911இல் அவருடைய கொள்ளுத்தாத்தா ஐந்தாம் ஜார்ஜுக்காகச் செய்தது. கமிலா தலையில் ஏறிய, ஐந்தாம் ஜார்ஜின் மனைவி மேரி அரசியின் கிரீடமும் அதே வருஷத்தது. அதில் பதித்த பெரிய வைரங்களில் இரண்டு, கல்லினன் 3, 4. 94 காரட்டும் 63 காரட்டுமாக, இரண்டாம் எலிசபெத் தன் கோட்டில் ப்ரோச்சாகக் குத்திவந்த கற்கள். 1911இலும் அவை இந்தக் கிரீடத்தில்தான் இருந்தன.

அன்புடன்.