நின்றால் கொதிக்கிறது, ஓடினால் ஆறுகிறது!

கேள்வி: நெடுஞ்சாலையில் என் கார் ஒழுங்காக ஓடுகிறது. நெரிசலில் ஐந்து நிமிடம் நின்றால் வெப்ப முள் சிவப்புக் கோட்டைத் தொடுகிறது. ரேடியேட்டரையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். நின்றால்தான் ஃபேனுக்கு வேலை. எனவே என் சந்தேகம் முதலில் ஃபேன் மீதுதான்.

எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால், சூட்டை உணர்ந்து ஃபேனை ஓடவைக்கும் சென்சாருக்குச் சூடு சரியாக எட்டாது. ஃபேனும் சும்மா இருக்கும். சூட்டில் மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிடாதீர்கள், கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

அளவு சரியென்றால் ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஃபேனும் உடனே சுழல வேண்டும். சுழன்றால் மோட்டார் நலம், சென்சாரைச் சோதியுங்கள். சுழலாவிட்டால் முதலில் ஃபியூஸ், பிறகு ரிலே (ஃபேனுக்கு மின்சாரத்தை விடும் சிறு சுவிட்ச்) இரண்டையும் பாருங்கள். அதே எண்ணுள்ள வேறொரு ரிலேயை மாற்றிச் செருகிப் பார்க்கலாம், காசு செலவில்லை. அதற்கும் அசையாவிட்டால் மோட்டாருக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒருமுறை என் காரிலேயே தெர்மோஸ்டாட் (கூலண்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு), சென்சார் இரண்டையும் மாற்றிவிட்டு விழித்தேன். கடைசியில் பார்த்தால், ஃபேன் கனெக்டரில் ஒரு பின் கருகி, பிளாஸ்டிக் மெழுகாக வழிந்திருந்தது! மோட்டாரில் குறையே இல்லை.

இன்னொன்று: சாவியை எடுத்த பிறகும் சில கார்களில் ஃபேன் திடீரெனச் சுழலும். கையை உள்ளே விடுமுன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.