‘தவ்லாத்தவ்’ படம்: நாற்பது நிமிடத்தில் நிறுத்திவிட வேண்டாம்

வணக்கம். நாற்பது நிமிடம் பார்த்தும், ரஷ்ய எழுத்தாளர் செர்கேய் தவ்லாத்தவைப் பற்றிய ‘தவ்லாத்தவ்’ (2018) படத்தில் ஒன்றுமே நடக்கவில்லை, கதை எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். முதல் தடவை எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இது அவருடைய வாழ்க்கையைப் பிறப்பு முதல் இறப்பு வரை சொல்லும் படம் இல்லை. 1971 நவம்பர், லெனின்கிராட், ஆறே நாட்கள். எழுத்தாளர் சங்கத்தில் உறுப்பினர் ஆகாவிட்டால் சோவியத் நாட்டில் எழுதியதை அச்சில் கொண்டுவந்து எழுத்தாளராகப் பிழைக்கவே முடியாது. எழுதியது அச்சில் வந்தால்தான் சங்கத்தில் சேரலாம். செர்கேய் தவ்லாத்தவ் அந்தச் சுழலில் மாட்டிக்கொண்டு நிற்கிறார். ஒன்றும் நடக்காததுதான் அவருடைய துயரமே.

கப்பல் கட்டும் தளக் காட்சியை மட்டும் திரும்பப் பாருங்கள். பழைய ரஷ்ய எழுத்தாளர்களான புஷ்கின், தல்ஸ்தோய் (டால்ஸ்டாய்) வேடத்தில் ஆட்கள் நிற்கிறார்கள். ஆலைப் பத்திரிகைக்காக அவர்களைப் பேட்டி எடுக்கிறார் தவ்லாத்தவ். செத்துப்போன மேதைகளுக்கு விழா, உயிரோடு இருப்பவனுக்கு இடமில்லை! அப்புறம் மகளுக்காக ஒரு ஜெர்மன் பொம்மை தேடி அலைவார், அதையும் கவனியுங்கள்.

கூட வரும் நண்பர் கவிஞர் பிராட்ஸ்கி. அடுத்த வருடமே அவர் நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டார். தவ்லாத்தவ் 1978-இல் கிளம்பினார்; 1990-இல் நியூயார்க்கில் இறந்தார். அதன் பிறகுதான் சொந்த நாடு அவரைக் கொண்டாடியது. இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் பாருங்கள்.