சேர்விஸ் செய்த மறுநாளே ஒயில் கசிவு

கேள்வி: எஞ்சின் ஒயிலும் பில்டரும் மாற்றிய மறுநாள், களுவாஞ்சிகுடியிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காரில் கருகல் மணம் வந்தது, நிறுத்திய இடத்தில் உள்ளங்கையளவு ஒயில் கறையும் கிடந்தது. சிந்திய ஒயில்தான், காய்ந்துவிடும் என்கிறார்கள் கராஜில். நம்பலாமா?

பதில்: சிந்திய ஒயில் சூடான புகைக்குழாயில் பட்டுக் கருகுவதுண்டு, ஆனால் அந்த மணம் ஓரிரு ஓட்டத்தில் அடங்கிவிடும், நிலத்தில் புதிய கறையும் விழாது. பழைய பில்டரின் இறப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதைக் கவனியாமல் புதியதைப் பூட்டினால், இரண்டு வளையங்களும் பொருந்தாமல் அழுத்தத்தில் ஒயில் பீறிடும். என் சந்தேகம் அதன்மேல்தான். சமதரையில் எஞ்சினை நிறுத்திச் சில நிமிடங்களின் பின் எஞ்சினிலுள்ள ஒயில் அளவுக்கம்பியை இழுத்துப் பாருங்கள். கீழ்க்கோட்டுக்கு இறங்கியிருந்தால் காரை எடுக்காமல், கராஜ்காரரை வீட்டுக்கே வரவழைத்து (முகம் சுளித்தாலும் பரவாயில்லை) பில்டரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஓட்டத்தில் ஒயில் விளக்கு எரிந்தால், உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள்.