கும்மி ஆடத் தெரியாதவர் அறங்காவலர் ஆகலாமா?

காங்கயம் பக்கம் வள்ளி கும்மி, உடுக்கைப் பாட்டுக் கலைஞர்களுக்கான சின்ன அறக்கட்டளை ஒன்றில் பதினோரு வருடமாகச் சம்பளமில்லா அறங்காவலர் நான். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்.

பெருந்துறை, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்: எனக்குக் கும்மியில் ஓரடி வைக்கத் தெரியாது. நான் வந்து என்ன செய்ய?

நீங்கள்தான் வேண்டும் ஐயா. ஆடுகிறவர்கள் ஊருக்கு நூறு பேர் இருக்கிறார்கள். ரசீதுப் புத்தகத்தையும் பாஸ்புக்கையும் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் ஆளில்லை. ஆனால் ஒரு அரங்கேற்றத்துக்காவது வந்து கடைசிவரை உட்காருங்கள்.

கோபி, ஆசிரியை: பெயருக்கு இருந்தால் போதும், கையெழுத்து மட்டும்தான் என்கிறார்கள். சரி என்று சொல்லலாமா அண்ணா?

வேண்டாம் அம்மணி. முதல் வருடம் நானும் அப்படித்தான் தீர்மானப் புத்தகத்தை நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். மாரியம்மன் நோம்பிக்கு மைக் செட் வாடகை கொடுத்ததில், கடை இன்னொரு அறங்காவலரின் மச்சானுடையது. பக்கத்து ஊரில் பாதி வாடகைதான். ஆடிட்டர் கேட்டபோது முழித்தோம். அறங்காவலருக்கோ அவர் சொந்தத்துக்கோ நியாயத்துக்கு மேல் பணம் போனால் அறக்கட்டளையின் வருமான வரி விலக்கில் சிக்கல் வரும். அதிகமாகப் போனதைத் திரும்ப வாங்கிவிட்டோம். அந்த வீட்டுக் கல்யாணப் பத்திரிகை மட்டும் எனக்கு வரவில்லை.

இப்போது சொந்தக்காரர் விஷயம் வந்தால் அந்த அறங்காவலர் வெளியே போய் உட்காருவார், அதையும் தீர்மானத்தில் எழுதுவோம். நீங்கள் சம்மதிக்கும் முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த அறக்கட்டளைப் பத்திரத்தையும் மூன்று வருடத் தணிக்கைக் கணக்கையும் கேளுங்கள். தரத் தயங்கினால், அதுவே பதில்.

திருப்பூர், பனியன் கம்பெனி: பத்தாயிரம் ரொக்கமாகத் தருகிறேன், வரிக்கழிவுக்கான 80ஜி ரசீது கிடைக்குமா? சிங்கப்பூர் மாமாவும் அனுப்புகிறேன் என்கிறார்.

ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தால் வரிக்கழிவு கிடையாது; காசோலையாகத் தாருங்கள். புதிய வரி முறையில் இருந்தால் அந்தக் கழிவே இல்லை. மாமா இன்னும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் அவர் சொந்தப் பணத்தை வாங்கலாம். அந்த நாட்டுக் குடியுரிமை எடுத்துவிட்டால், வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி அனுமதி இல்லாத அறக்கட்டளை ஒரு டாலர்கூடத் தொடக்கூடாது.

தாராபுரம், உடுக்கைக் கலைஞரின் பேரன்: அப்பாரு பாடும் அண்ணன்மார் கதையை ஒரு அறக்கட்டளை பதிவு செய்து யூடியூபில் போட்டுவிட்டது. எங்களுக்கு ஒன்றுமில்லையா?

இருக்கிறது கண்ணு. அண்ணன்மார் என்கிற பொன்னர் சங்கர் கதை ஊர்ச்சொத்து. ஆனால் அன்றைக்கு அப்பாரு உடுக்கை அடித்துப் பாடிய பாட்டில் அவருக்கு உரிமை உண்டு. பதிப்புரிமைச் சட்டம் அதை நிகழ்த்துநர் உரிமையாக 50 ஆண்டு பாதுகாக்கிறது. எங்கே வெளியிடலாம், வருமானத்தில் பங்கென்ன என்று தமிழில் ஒரே பக்கம் எழுதி, அப்பாருக்கு வாசித்துக் காட்டியபின் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். வாங்காவிட்டால் இப்போதாவது அந்த அறங்காவலர்களிடம் எழுத்தில் கேள். கலைக்குத் தொண்டு என்று சொல்லிக்கொண்டு கலைஞரிடம் கேட்காமல் எடுப்பது எனக்குப் பிடிக்காத வேலை. அப்புறம், நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்றும் பார்.

அவிநாசி, கல்லூரி மாணவர்: கும்மிக் கலைஞர் பத்ரப்பன் ஐயாவுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தபின் வள்ளி கும்மிக்கு நல்ல பெயர். கம்பெனிகளிடம் நிதி கேட்கலாமா?

கேட்கலாம் தம்பி. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதி வாங்க அறக்கட்டளை முதலில் சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிய வேண்டும். கம்பெனிக்காரர்கள் மேடைக்கும் பேனருக்கும் தருவார்கள். நீ சலங்கைக்கும் வேன் வாடகைக்கும் கேள். கலைஞருக்குப் பேசிய தொகை ஆடி முடித்த ராத்திரியே கையில் சேரணும்.

பல்லடம், பெயர் வேண்டாம் என்றவர்: ஒத்துவரவில்லை. விலகுவது எப்படி?

கடிதம் கொடுங்கள், அதை ஏற்றதாகத் தீர்மானம் எழுத வைத்து நகல் வாங்குங்கள். பாங்கில் உங்கள் கையெழுத்தை எடுத்துவிட்டார்களா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். போனில் சொன்னதை நம்ப வேண்டாம்.