ஆள் பார்க்க ஜெபமா, ஆண்டவர் பார்க்க ஜெபமா? – கேள்வி பதில்

கேள்வி: பிரதர், ஜெபக்கூட்டத்தில் கண்ணீரோடு வெகுநேரம் ஜெபிக்கிறேன். வீட்டில் தனியாக முழங்காலில் நின்றால் இரண்டு நிமிஷத்தில் வார்த்தை தீர்ந்துபோகிறது. நான் மாய்மாலக்காரனா, வெளிவேஷம் போடுகிறவனா?

பதில்: நிஜ மாய்மாலக்காரர் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார். பலர் சேர்ந்து ஜெபிக்கும்போது உற்சாகம் தானாக வரும், அது பாவமில்லை. மத்தேயு 6-ல் அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டு என்று சொன்ன இயேசு, அதே இடத்தில் கற்றுக்கொடுத்த ஜெபத்தில் ‘எங்கள் பிதாவே’ என்று பன்மையில்தானே சொல்லச் சொன்னார்? மனுஷர் காணவேண்டும் என்கிற ஆசையைத்தான் அவர் கண்டிக்கிறார். தனி ஜெபத்தில் வார்த்தை தீர்ந்தால் தீரட்டும். அதிகமாக அலப்ப வேண்டாம் என்பதும் அதே அதிகாரத்தில் இருக்கிறது.

கேள்வி: மத்தேயு 5:16 நற்கிரியைகளை மனுஷர் காணட்டும் என்கிறது. 6:1 மனுஷர் காணச் செய்யாதே என்கிறது. எதைக் கேட்பது? எங்கள் சபையில் காணிக்கை கொடுத்தவர்கள் பெயரை வாசிக்கிறார்கள்.

பதில்: இரண்டும் ஒரே மலைப்பிரசங்கத்தில் வருகின்றன. 5:16-ஐ முழுதாகப் படியுங்கள்: பார்க்கிறவர்கள் பிதாவை மகிமைப்படுத்த வேண்டும் என்று முடிகிறது. பார்த்தவர் யாரைப் புகழ்ந்துகொண்டு போகிறார் என்பதுதான் கேள்வி.

அப்போஸ்தலர் 4-ன் கடைசியில் பர்னபா நிலத்தை விற்றுப் பணத்தை அப்போஸ்தலரின் பாதத்தில் வைக்கிறார். அடுத்த அதிகாரத்தில் அனனியா என்பவரும் நிலத்தை விற்று, ஒரு பங்கைத் தனக்கென்று வைத்துக்கொண்டு, மீதியை அதே பாதத்தில் வைக்கிறார். இரண்டு காணிக்கையும் நாலு பேர் அறியக் கொடுத்தவைதான். விற்ற பிறகும் பணம் உன் வசத்தில்தானே இருந்தது என்று பேதுரு அனனியாவிடம் கேட்கிறார். அதாவது, ஒரு பங்கை வைத்துக்கொண்டது குற்றமே இல்லை. மீதியை மட்டும் கொண்டுவந்து, இதுதான் முழுத்தொகை என்று காட்டியதுதான் குற்றம். பர்னபாவுக்குக் கிடைத்த நல்ல பெயர் அவருக்கும் வேண்டியிருந்தது போல, இது என் ஊகம்.

பெயர் வாசிப்பது எனக்குப் பிடிக்காது. ஆனால் அது உங்கள் கையில் இல்லையே. அடுத்த முறை உங்கள் பெயர் விடுபட்டால் மனசு எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள், பதில் அங்கேயே கிடைக்கும்.

கேள்வி: உபவாசம் இருப்பதை வீட்டாரிடம்கூடச் சொல்லக் கூடாதா அண்ணா?

பதில்: சமைக்கிறவரிடம் சொல்லாமல் எப்படி? தாராளமாகச் சொல்லுங்கள். ஏசாயா 58-ஐயும் ஒருமுறை வாசியுங்கள். உபவாச நாளிலேயே வழக்காடுகிறவர்களையும் வேலைக்காரரைக் கசக்கிப் பிழிகிறவர்களையும் தீர்க்கதரிசி விட்டுவைக்கவில்லை.

கேள்வி: தினமும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வசனம் போடுகிறேன். தப்பா?

பதில்: இல்லை. யார் யார் பார்த்தார்கள் என்று அடிக்கடி திறந்து பார்ப்பீர்களானால், கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்கள்.

கேள்வி: என் அப்பா சபையில் மூப்பர். வீட்டில் வாயைத் திறந்தால் வசவுதான். அவரைப் பார்த்துப் பார்த்து எனக்கு விசுவாசமே போய்விட்டது.

பதில்: தம்பி, உன் கோபம் விசுவாசக் குறைவு இல்லை. தன் சொந்த வீட்டை நடத்தத் தெரியாதவன் தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான் என்று 1 தீமோத்தேயு 3 கேட்கிறது. பாத்திரத்தின் வெளிப்புறத்தை மட்டும் கழுவுகிறவர்கள், சீரகத்தில்கூடத் தசமபாகம் கொடுத்துவிட்டு நியாயத்தையும் இரக்கத்தையும் விட்டுவிடுகிறவர்கள் என்று மத்தேயு 23-ல் திட்டுவது இயேசுவேதான். உன்னைக் கோபப்படுத்துவது அவரையும் கோபப்படுத்தியிருக்கிறது. அப்பாவின் நடத்தைக்காக இயேசுவை நீ விட்டுவிட வேண்டியதில்லை.

இன்னொன்று. வசவு அடியாக மாறுகிறது என்றால் சும்மா இருக்காதே. வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் உடனே சொல். சபையின் பெயர் கெடும் என்று யாராவது உன் வாயை அடைத்தால், அதுவும் மாய்மாலம்தான்.

கேள்வி: பல மாதமாக மனசு வறண்டு கிடக்கிறது. ஒன்றும் உணராமல் ஆராதனையில் பாடுவது நடிப்பில்லையா?

பதில்: இல்லை சகோதரி. 88-ஆம் சங்கீதம் புலம்பலாகத் தொடங்கி இருளிலேயே முடிகிறது. அதையும் ஆராதனைப் பாட்டாகத்தான் வைத்திருந்தார்கள். மாற்கு 9-ல் ஒரு தகப்பன், ‘விசுவாசிக்கிறேன்’ என்று சொன்ன கையோடு தன் அவிசுவாசத்துக்கும் உதவி கேட்கிறான். இயேசு அவனைத் துரத்தவில்லை, பிள்ளையைக் குணமாக்கினார். பாட முடியாத நாளில் மற்றவர்கள் பாடுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருங்கள். சாட்சி சொல்லக் கூப்பிட்டால் மட்டும், இப்போது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.