உருவிவிட்டால் வலி குறைகிறது, ஏன் திரும்பி வருகிறது?

கேள்வி: மஸ்கெலியாவில் கொழுந்து பறிக்கும் என் அம்மாவுக்கு வயது 52. கழுத்தும் இடுப்பும் ஓயாமல் வலிக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து வீட்டு அக்கா எண்ணெய் தேய்த்து உருவிவிடுவார். இரண்டு நாள் சுகம், பிறகு பழையபடிதான். இதில் உண்மையிலேயே பயன் உண்டா? டவுனில் சுளுக்கெடுப்பவரிடம் கூட்டிப் போகலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, அந்த இரண்டு நாள் சுகம் உண்மையானது. தோலிலும் தசையிலும் படும் அழுத்தம், முள்ளந்தண்டு வழியாக மூளைக்குச் செல்லும் வலிச் செய்தியைத் தணிக்கக்கூடும் என்று மெல்சாக், வோல் என்ற இரு ஆய்வாளர்கள் 1965ஆம் ஆண்டிலேயே விளக்கினார்கள். இறுகிய தசை தளர்வதோடு, பலருக்கு நித்திரையும் நன்றாக வருகிறது. ஆனால் நாட்பட்ட வலியில் இந்தப் பலன் நீடிப்பதில்லை. வலி திரும்புவதற்கு அந்த அக்காவின் கையைக் குறை சொல்ல முடியாது. திங்கட்கிழமை காலையில் அதே கூடைக் கயிறு தலையில் ஏறி, அதே சரிவில் அம்மா குனிந்து நிற்கிறார்.

ஆகவே, வலி குறைந்திருக்கும் அந்த இரண்டு நாளையே நீங்கள் பயன்படுத்த வேண்டும். உருவிவிட்ட பின் படுத்தே கிடக்காமல், தோள்களை மெல்லச் சுழற்றுவது, மல்லாந்து படுத்து முழங்கால்களை ஒவ்வொன்றாக நெஞ்சுக்கு இழுப்பது, சிறிது தூரம் நடப்பது ஆகியவற்றைத் தினமும் செய்யச் சொல்லுங்கள். கூடை நிரம்பி வழியும்வரை சுமக்காமல், இடையிடையே இறக்கிவைக்க முடிந்தால் கழுத்துக்குப் பெரிய உதவி. அழுத்தம் அம்மா தாங்கும் அளவில் இருந்தால் போதும். கன்றிப்போகும்வரை அழுத்தினால்தான் குணமாகும் என்பது தவறு. முதுகெலும்பின் மேலே அழுத்தவோ, நம் வீடுகளில் வழக்கமாகச் செய்வதுபோல் பிள்ளையை ஏறி மிதிக்கச் சொல்லவோ வேண்டாம். நீரிழிவு இருந்தால் எண்ணெயின் சூட்டை இன்னொருவர் தொட்டுப் பார்த்த பிறகே தேய்க்க வேண்டும், ஏனெனில் உணர்வு குறைந்த பாதம் வெந்தாலும் தெரியாது.

சுளுக்கெடுப்பவரிடம் கழுத்தைக் கொடுக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். சட்டென்று திருப்பும்போது மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாடி கிழிந்து பக்கவாதம் வரலாம். அரிதுதான், ஆனால் வந்தால் மீட்பது கடினம்.

கை விறைப்பு, காய்ச்சல், காரணமில்லாத மெலிவு இருந்தால் உருவுவதை நிறுத்திவிட்டு, டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையில் காட்டி, இயன்மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். கால் பலமிழந்தாலோ, சிறுநீரை அடக்க முடியாமற் போனாலோ அன்றைக்கே போக வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அதைத் தேய்க்கவே கூடாது. உள்ளே உறைந்த இரத்தம் பெயர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும் என்பதால், அதற்கும் உடனே வைத்தியசாலைதான்.