கணக்கில் பின்தங்கும் குழந்தைக்கு வீட்டில் எப்படி உதவுவது?

மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகன் கணக்கில் பின்தங்குகிறான், தினமும் எவ்வளவு நேரம் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நேரத்தை அப்புறம் பார்க்கலாம். அவன் எந்த இடத்தில் தடுமாறுகிறான் என்று தெரிந்தால்தான் உட்கார வைப்பதில் பலன் இருக்கும்.

என் மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது 52-இல் 27 போனால் 35 என்று எழுதியிருந்தாள். கவனம் இல்லை என்று நினைத்து, அதே மாதிரி பத்துக் கணக்கு கொடுத்தேன். பத்தும் தப்பு. நான் சத்தம் போட்டேன், அவள் அழுதுகொண்டே தூங்கினாள். இன்றும் அதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. மறுநாள் பக்கத்தில் உட்கார்ந்து, "இதை எப்படிப் போட்டேன்னு எனக்குச் சொல்லிக்குடும்மா" என்றேன். "ரெண்டுல ஏழு போகாதுப்பா. அதனால ஏழுல ரெண்டு எடுத்தேன், அஞ்சு. அஞ்சுல ரெண்டு போனா மூணு" என்றாள்.

கவனமாகத்தான் போட்டிருக்கிறாள். பெரிய எண்ணில் இருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்கலாம் என்று தானாக ஒரு விதி வைத்துக்கொண்டு, பத்துக் கணக்கிலும் அதை மாறாமல் செய்திருக்கிறாள். கடன் வாங்கும்போது ஒரு பத்து உடைந்து பத்து ஒன்றுகள் ஆகின்றன என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினோம். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. "ஏழு குச்சி குடு" என்றேன். உதிரி இரண்டையும் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு ஒரு கட்டின் ரப்பரை அவளே கழற்றினாள். நாலைந்து நாள் குச்சியோடுதான் கணக்குப் போட்டாள். பிறகு குச்சியைத் தேடவில்லை.

அதனால் உங்கள் மகனிடமும் "ஏன் தப்பாப் போட்ட?" என்று கேட்காதீர்கள், "எப்படிப் போட்ட?" என்று கேளுங்கள். சரியாகப் போட்ட கணக்குக்கும் சேர்த்துக் கேளுங்கள். தப்புக்கு மட்டும் கேட்டால், கேள்வி வந்தாலே பயந்து விடையை அழித்துவிடுவான்.

சில சமயம் சிக்கல் கணக்கில் இருக்காது, வாசிப்பில் இருக்கும். "அண்ணனிடம் 12 பென்சில், தம்பியிடம் 8. அண்ணனிடம் எத்தனை அதிகம்?" என்ற கேள்வியில் 'அதிகம்' என்ற சொல்லைப் பார்த்ததும் கூட்டி 20 என்று எழுதும் குழந்தைகள் நிறைய. கேள்வியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தினமும் ஏதாவது ஒரு கதையை இருவரும் சேர்ந்து வாசித்தால் அது கணக்குக்கும் உதவும்.

சரி, நேரம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் வாய்ப்பாடு சொல்ல வைப்பதைவிட, தினம் பத்து நிமிடமாக ஆறு நாளுக்குப் பிரித்துக்கொண்டால் மனதில் நிற்கும். இடைவெளி விட்டுப் படிப்பது மறக்காமல் இருக்க உதவும் என்பதை ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் தன் நினைவாற்றலையே சோதித்துப் பார்த்து 1885-லேயே எழுதிவிட்டார். புத்தகத்தைப் பார்த்துத் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, மூடி வைத்துவிட்டு நினைவில் இருந்து சொல்லிப் பார்ப்பது நல்லது.

தூக்கத்தைக் குறைத்துப் படிக்க வைக்காதீர்கள். 6 முதல் 12 வயது வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். கண்ணையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். கரும்பலகை மங்கலாகத் தெரியும் குழந்தை, எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்து வீட்டில் சொல்லாமலே இருந்துவிடும்.

ஆசிரியரைப் பார்க்கும்போது "எப்படிப் படிக்கிறான்?" என்று பொதுவாகக் கேட்டால் "பரவாயில்லை" என்ற பதிலோடு திரும்ப வேண்டியிருக்கும். நோட்டையே எடுத்துப் போங்கள். "கடன் வாங்கும் கணக்கில் நின்றுவிடுகிறான், வகுப்பில் இதை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டு, அதே முறையில் வீட்டிலும் சொல்லிக்கொடுங்கள். பள்ளியில் ஒரு வழி, வீட்டில் ஒரு வழி என்றால் இந்த வயதில் குழம்பிப்போவான்.